பின்னுரித்தாளியின் பெயர்

எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர வருகிறவர்கள் முன்பக்க அறைக்குப் போவார்கள். அங்கே தேத்தண்ணி கிடைக்கும், சிரித்த முகமும் கிடைக்கும். வேலையை விட்டுப் போகிறவர்கள் மட்டும் பின்பக்கத்தில், தண்ணீர்த் தாங்கிக்கு அருகில் இருந்த என் அறைக்கு வருவார்கள். கதவில் 'சம்பளப் பிரிவு' என்று எழுதியிருந்தது. வேலை செய்கிற பெடியள் அதற்கு வைத்த பெயர் காடாத்து அறை. செத்தவீடு முடிந்து சாம்பல் அள்ளுகிற சடங்குக்கு எங்கள் பக்கத்தில் காடாத்து என்று பெயர். முதன்முதலில் அது காதில் விழுந்தபோது எனக்கு நல்ல கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பொருத்தமான பெயர்தான்.

கிளிநொச்சியில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் சம்பளம் பார்த்தேன். வெயிலில் முழங்காலில் இருந்து நிலத்தைக் கிண்டுகிறவர்கள் அவர்கள், மின்விசிறிக்குக் கீழே இருந்து கடதாசியைக் கிண்டுகிறவள் நான். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்றால் அவருக்காக நான் செய்ய வேண்டியது நிறைய. கவச உடுப்பும் முகக்கவசமும் களஞ்சியத்தில் திரும்பிக் கொடுத்தாயிற்று என்று ஒரு கையெழுத்து, வாகனப் பகுதியில் ஒன்று, மருத்துவப் பகுதியில் ஒன்று. அதன்பிறகு கடைசிச் சம்பளம், எடுக்காத லீவு, பணிக்கொடை, சேவைக் கடிதம், சேமலாப நிதிப் படிவங்கள். இதில் ஒன்று பிழைத்தாலும் அந்த மனிசர் பிறகு கந்தோர் கந்தோராக அலைவார். அலைகிறவர் என்னைத்தான் திட்டுவார், அதுவும் நியாயம்தான்.

என்னிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, போகிறவர் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் வாய்விட்டு வாசித்த பிறகுதான் கையெழுத்து வைக்க வேண்டும். மற்றது, படிவத்தில் எந்த இடமும் வெறுமையாக இருக்கக்கூடாது. எழுத ஒன்றும் இல்லையென்றால் அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுக்க வேண்டும். "மிஸ், நாங்கள் என்ன மூண்டாம் வகுப்போ வாசிச்சுக் காட்ட?" என்று முறைத்தவர்கள் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்கும், நீங்கள்தான் வைத்துவிட்டு வாசிக்கிறீர்கள் என்பேன். எனக்கு மூக்குநுனியில் கோபம் என்று பெயர். அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை.

இந்தச் சட்டங்கள் சும்மா வரவில்லை. இருபது வயதில் ஒரு சின்னக் கடைச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். அங்கே காவலுக்கு நின்ற ஒரு ஐயா வேலையை விட்டுப் போகும்போது அரைகுறையாக நிரப்பிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். வெறுமையாகக் கிடந்த இடத்தில், அவருடைய லீவு எல்லாம் எடுத்து முடிந்துவிட்டது என்று பிறகு ஒருவர் எழுதினார். எழுதியதை நான் பார்த்தேன். அந்த ஐயா மூன்று தரம் வந்து கேட்டார். மூன்று தரமும் நான் குனிந்தபடியே இருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. கலியாணம் பொருந்தி வரவில்லை. பொருந்தி வந்த காலத்தில் இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். அம்மாவும் நானும் ஊருக்குப் புறத்தே இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். நான்கு வருடத்துக்கு முன் அம்மா செத்தபிறகு ஒரு அறையைத் திறப்பதில்லை. காலையில் கதவைப் பூட்டுவேன், பின்னேரம் நானே திறப்பேன். இடையில் நான் கதைக்கிற கதை எல்லாம் போகிறவர்களோடுதான். அவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் என் அறைக்கு யாரும் இரண்டாம் தரம் வருவதில்லை. "வருவம் மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் போனார்கள். சந்தையில் கண்டால், "என்ர காசு எப்ப மிஸ் வரும்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடியமுதல் மீன்காரனிடம் திரும்பிவிடுவார்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்த நிதி குறைந்தது. முதலில் ஒரு குழு நின்றது, பிறகு இரண்டு. கடைசியாக, கிளிநொச்சி அலுவலகத்தையே மாதக் கடைசியில் மூடுவதென்று முடிவாயிற்று. என் மேசையில் கோப்புகள் குவிந்தன. அந்தக் குவியலில்தான் அவளுடைய கோப்பும் இருந்தது.

அவள் கொக்கிளாய்ப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பத்துப் பெண். நாற்பத்திரண்டு வயது. பதினொரு வருடம் கண்ணிவெடி கிண்டி, ஒரு குழுவுக்குப் பொறுப்பாகவும் வந்தவள். கழுத்தில் சின்னச் சிலுவை. நிமிர்ந்த நடை. கடைசி யுத்தத்தில் அவளுடைய புருஷன் காணாமல் போனார். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். இதெல்லாம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் வாயால் யாரும் கேட்டதில்லை.

மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற சேமலாப நிதிக்கு ஒரு படிவம் உண்டு. அதில் பின்னுரித்தாளி என்று ஒரு கட்டம். நான் இல்லாமற் போனால் என் பணம் இவருக்கு என்று ஒருவரின் பெயரை அதில் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் அவள் அதில் புருஷனின் பெயரை எழுதியிருந்தாள். இப்போது வேலை முடிந்தாலும் ஐம்பது வயதுவரை அந்தப் பணம் நிதியிலேயே கிடக்கும். இந்த எட்டு வருடத்துக்குள் அவளுக்கு ஒன்று நடந்தால், வந்து கையெழுத்து வைக்க முடியாத ஒரு மனிசரின் பெயரில் எல்லாம் மாட்டிக்கொள்ளும். மகள்தான் அலைய வேண்டும். எனக்கு அது பொறுக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து, அவளிடம் கேட்காமலே புதுப் படிவம் அடித்து வைத்தேன். பின்னுரித்தாளி என்ற இடத்தில் மகளின் பெயர். அந்தப் பெயர் பொருந்த வேண்டுமே என்று, திருமண நிலை என்ற இடத்தில் விதவை என்றும் அடித்தேன்.

கேட்டால் அழுவாள், அதனால் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. கேட்க எனக்குத்தான் பயமாக இருந்தது.

அவள் காலை பத்து மணிக்கு வந்தாள். சேவைக் கடிதத்தை வாசித்தாள், பணிக்கொடைத் தாளை வாசித்தாள். கணீரென்ற குரல், தேவாலயத்தில் வாசகம் வாசித்துப் பழகியது. பிறகு அந்தப் படிவத்தை எடுத்தாள். பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் வாசித்துக்கொண்டு வந்தவள் "திருமண நிலை" என்றதும் நின்றாள்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா பிள்ளை, எத்தினை வருசமாப் போச்சு..."

அவள் சத்தம் போடவில்லை. பேனையை மூடி மேசையில் வைத்தாள். "மிஸ், பாக்காத நிலத்தில நாங்கள் வெள்ளைத்தடி நடுறேல்லை. அவர் இல்லையெண்டு ஆர் பாத்தது? ஆர் சொன்னது? எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை. நான் எப்பிடி இதில கையெழுத்து வைக்கிறது?"

நிலத்தில் நடுகிற தடிகளைப் பற்றி எனக்கும் தெரியும். சிவப்புத் தலை வைத்த தடி நின்றால் அதற்கு அங்கால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். விரல் விரலாகக் கிண்டிப் பார்த்த பிறகுதான் வெள்ளைத் தடி நடுவார்கள். பார்க்காமல் நட்டவரை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்துவார்கள். பதினொரு வருடத்தில் அவள் ஒரு தடியும் பிழையாக நட்டதில்லை.

"சரி, இதைப் பிறகு பாப்பம். மற்றதுகளிலயாவது வையுங்கோ. இல்லாட்டி ஒண்டும் கைக்கு வராது" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். எழுந்து போய்விட்டாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தொலைபேசியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அலுவலகப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிசர்தான். ஆனால் அவரும் போகிற அவசரத்தில் இருந்தார். "வந்தா வரட்டும். வராட்டி, வரேல்லையெண்டு எழுதி கொழும்புக்கு அனுப்பிவிடுங்கோ மிஸ்" என்றார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பதினொரு வருடம் முழங்காலில் இருந்தவளின் பணிக்கொடையும் மகளின் படிப்பும் 'வரவில்லை' என்ற ஒரு சொல்லோடு கொழும்பில் ஏதோ ஒரு அலுமாரிக்குள் போய்விடும். பிழை என்னுடையது. அந்தக் காவற்கார ஐயாவின் முகம் நினைவுக்கு வந்தது. இந்த முறை குனிந்துகொண்டிருக்க மாட்டேன் என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டேன். கோப்பைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பு கடந்து, முல்லைத்தீவுக்குப் பேருந்து போய்ச் சேர ஒன்பது மணி தாண்டிவிட்டது. அங்கிருந்து கொக்கிளாய்க்கு அடுத்த பேருந்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். தெரிந்தவர்கள் யாரையும் காணவில்லை. நான் எங்கே போகிறேன் என்று கேட்கவோ, எப்போது வருவாய் என்று கேட்கவோ வீட்டில் ஆள் இல்லை என்பது அந்தத் தரிப்பிடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் இப்படியே ஒரு பேருந்தில் ஏறி எங்கேயாவது போய்விட்டாலும் திங்கட்கிழமை எட்டரை மணிவரை யாருக்கும் தெரியாது.

விசாரித்து அவளுடைய வீட்டுக்குப் போனபோது அவள் முற்றத்து நிழலில் இருந்து வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய தமையனின் மனைவி. என்னைக் கண்டு அவள் எழும்பினாள், சிரிக்கவில்லை.

"வாங்கோ மிஸ். இருங்கோ."

கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது. நான் பையை அவிழ்க்கப் போனேன். "முதல் சாப்பிடுங்கோ. கதை பிறகு" என்றாள். நண்டுக் குழம்பும் சோறும் போட்டாள். கேட்காமலே இரண்டாம் தரமும் போட்டாள். இன்னொருவர் வீட்டுக் குசினியில் இருந்து எனக்காக ஒரு தட்டுச் சோறு வந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு இதுதான். ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னேன். "பிள்ளை, உங்களிட்டக் கேக்காமல் எழுதினது என்ர பிழை. கிழிச்சு எறிஞ்சிட்டன். இந்தாங்கோ புதுசு."

அவள் வாங்கிப் பார்த்தாள். திருமண நிலை என்ற இடத்தில் 'திருமணமானவர்' என்று எழுதியிருந்தேன். பின்னுரித்தாளி என்ற கட்டத்தை மட்டும் எழுதாமல் கொண்டு போயிருந்தேன்.

"இதில ஒரு ஆள்தான் எண்டில்லை. ரெண்டு பேரையும் போடலாம். ஆருக்கு எவ்வளவு பங்கெண்டு எழுதினாச் சரி" என்றேன்.

அவளுடைய முகம் அப்போதுதான் இளகியது. "மெய்யோ? அப்ப அரைவாசி அவருக்கு, அரைவாசி பிள்ளைக்கு."

எனக்கு என் குணம் போகவில்லை. "அரைவாசி போட்டா, பிள்ளைக்குத் தேவைப்படுற நேரம் அந்த அரைவாசி அப்பிடியே நிண்டிடும். பிள்ளைதான் அதுக்கும் அலையவேணும்."

"கால்வாசி?"

"கால்வாசியும் கூடிப்போச்சு. பத்து?"

"நண்டு விலை பேசிற மாதிரியெல்லோ பேசிறியள், மிஸ்" என்றாள். தமையனின் மனைவி சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள். பிறகு வலையின் பக்கம் திரும்பி, ஒரு நண்டைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். திரும்பாமலே சொன்னாள்.

"அவர் பங்கு கேக்கிற ஆளில்லை. பேர் இருந்தாப் போதும். நூறில ஒண்டு எழுதுங்கோ."

எழுதினேன். மகளுக்குத் தொண்ணூற்றொன்பது, அவருக்கு ஒன்று. அவள் கை துடைத்துவிட்டு வந்து, நான் சொல்லாமலே, முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை வாய்விட்டு வாசித்தாள். புருஷனின் பெயரை வாசிக்கும்போது குரல் மாறவில்லை. வீட்டுக்குள் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுகிற மாதிரித்தான் வாசித்தாள். மிச்சத் தாள்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்தாள். சாட்சிக்கு நானும் தமையனின் மனைவியும் வைத்தோம்.

கோப்பைக் கட்டும்போது அவள் கேட்டாள். "உங்கட படிவத்தில ஆற்ற பேர், மிஸ்?"

"அம்மாட பேர்."

"அம்மா இருக்கிறாவோ?"

"இல்லை. நாலு வருசம்."

அவள் என்னைப் பார்த்தாள். ஊர் முழுக்க எல்லோருடைய படிவத்தையும் துருவித் துருவிப் பார்த்த நான், என்னுடையதை நான்கு வருடமாகத் தொடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அவள் அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. தரிப்பிடம்வரை கூட வந்தாள். ஒரு பையில் காய்ந்த இறால் தந்தாள். "வாங்கோ மிஸ், இடைக்கிடை" என்றாள். வருகிறேன் என்று நானும் சொன்னேன். அந்தச் சொல்லை மற்றவர்கள் சொல்லக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

மாதக் கடைசி வந்தது. மற்ற எல்லோருடைய கோப்பும் கொழும்புக்குப் போன பிறகு மேசையில் மிஞ்சியது என் கோப்பு. களஞ்சியத்தில் என் அறைப் பூட்டின் திறப்பையும் கணினியையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். வாகனப் பகுதியில் ஆள் இல்லை, பொறுப்பாளரே அங்கேயும் வைத்தார். என் சேவைக் கடிதத்தைக் கணினியைக் கொடுக்கமுதலே நானே அடித்து வைத்திருந்தேன். அதில் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு எழுதுகிற வரியையே எழுதினேன்.

பிறகு என் சட்டப்படி கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன். கேட்க மின்விசிறி மட்டும்தான். பெயர். பிறந்த திகதி. விலாசம். திருமண நிலை, ஆகாதவர். பின்னுரித்தாளி என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அதை வாசிக்க முடியவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்துத் தொடக்கத்தில் இருந்து எழுதி, அந்தக் கட்டத்துக்கு வந்து நின்றேன்.

ஐம்பதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. யாரை எழுதுவது? வெளிநாட்டில் இருக்கிற மச்சாள்மாரின் தொலைபேசி இலக்கம்கூட என்னிடம் இல்லை. வாடகை வீட்டுக்காரியின் பெயர் மனதில் வந்தது. சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அழுதேன். கொக்கிளாய்க்காரிக்கு வந்து சேராத ஒருவராவது இருந்தார். நூறில் ஒன்றை ஒதுக்கிவைக்க ஒரு பெயர் இருந்தது. எனக்குக் காத்திருக்கக்கூட ஆள் இல்லை. இத்தனை பேருடைய கட்டத்தை நிரப்பிய எனக்கு அதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொள்ள முடிந்தது.

எழுத ஒன்றும் இல்லையென்றால் கோடு இழுக்க வேண்டும். நான் போட்ட சட்டம்தான். அடிமட்டத்தை எடுத்துக் கட்டத்தின்மேல் வைத்தேன். பேனையின் நுனி தாளில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது.

கோடு இழுத்துவிட்டால் அந்த இடத்தில் பிறகு ஒரு பெயரும் எழுத முடியாது. பன்னிரண்டு வருடம் எத்தனையோ பேரிடம் அதைத்தானே சொல்லிக் கோடு இழுப்பித்தேன். அடிமட்டத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். கீழே கையெழுத்து வைத்தேன்.

பொறுப்பாளர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மனிசருக்கு என்னிடம் ஒரு பிழை கண்டுபிடித்த சந்தோஷம். "மிஸ், இதில ஒரு இடம் வெறுமையாக் கிடக்குது" என்றார்.

"ஓம், தெரியும். கிடக்கட்டும்" என்றேன்.